பாட்டு உண்டு, பாடகி இல்லை!
சிறு ஹெட்போன் பெருக்கியின் பழுதைக் கண்டறிவது எப்படி?

ஒரு சிறு புதிருடன் தொடங்குவோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உங்களுக்கு நன்கு பழக்கமான திரைப்பாடல் ஒன்றைக் கேட்கிறீர்கள். வயலின்கள் ஒலிக்கின்றன, புல்லாங்குழல் வந்து போகிறது. பல்லவி தொடங்க வேண்டிய இடமும் வந்துவிட்டது. ஆனால் பாடகியைக் காணோம்! அவர் குரலின் எதிரொலி மட்டும் எங்கோ தொலைவிலிருந்து மெல்லக் கேட்கிறது. இடக்காதிலும் ஓசை வருகிறது, வலக்காதிலும் வருகிறது. பாட்டரியோ புதியது. அப்படியானால் பாடகி எங்கே போனார்?

இந்தப் பழுதைக் கண்ட பலரும் உடனே சந்தேகிப்பது பெருக்கியின் நடுவில் இருக்கும் ஐ.சி.யைத்தான். அதைப் பிடுங்கிப் புதிது பொருத்துவார்கள். பாடகி வரமாட்டார். மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். அப்போதும் வரமாட்டார். இதற்குள் பலமுறை சூடுபட்ட பலகையில் செம்புப் பட்டைகள் உரிந்து, முதலில் இல்லாத நான்கு புதிய பழுதுகள் சேர்ந்திருக்கும். ஆகவே, பழுது பார்ப்பவர் முதலில் கற்க வேண்டியது கழற்றுவதை அன்று, அளந்து பார்ப்பதையே. இப்புதிரின் விடையைக் கட்டுரையின் முடிவில் காண்போம். அதற்கு முன், விடையைத் தேடும் வழியைத் தெரிந்துகொள்வோம்.

உள்ளே இருப்பவை

கைப்பேசி, வானொலி, கணிப்பொறி ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய மின்குறியை வலுவாக்கி, ஹெட்போனுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருளை அசைக்கச் செய்வதே ஹெட்போன் பெருக்கியின் வேலை. மாணவர்கள் தாமே செய்து பார்க்கும் பெருக்கிகளில் எல்.எம்.386 என்னும் எட்டுக்கால் ஐ.சி. மிகவும் பழக்கமானது. அதையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரு காதுகளுக்கும் தனித்தனியே ஒன்றாக இரண்டு ஐ.சி.க்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு 9 வோல்ட் பாட்டரி.

ஐ.சி.யின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேலே இருக்குமாறு வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் மேலே இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து கீழே இறங்கினால் 4. எதிர்ப்பக்கம் தாண்டி மேலே ஏறினால் 5 முதல் 8. இவற்றுள் நமக்கு முக்கியமானவை நான்கு. 3-ஆம் காலில் பாட்டின் மின்குறி நுழைகிறது. 5-ஆம் காலில் வலுப்பெற்று வெளிவருகிறது. 6-ஆம் காலில் பாட்டரியின் நேர்முனை இணைகிறது. 4-ஆம் காலில் எதிர்முனை இணைகிறது. பொதுக்கம்பி என்று நாம் சொல்லப்போவது இதைத்தான்.

குறி எத்தனை மடங்கு பெருகும் என்பதை ஐ.சி.க்குள் இருக்கும் மூன்று மின்தடைகள் முடிவு செய்கின்றன. 15,000 ஓம் தடையின் இருமடங்கை, 1,350 ஓம், 150 ஓம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 20 கிடைக்கும். அதுவே பெருக்க அளவு. 1, 8 ஆகிய கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால், ஒலிக்குறியைப் பொறுத்தவரை 1,350 ஓம் தடை இல்லாதது போலாகிவிடும். அப்போது 30,000-ஐ 150-ஆல் வகுக்க, அளவு 200 ஆகிறது. ஹெட்போனுக்கு 20 மடங்கே போதும். உங்கள் பெருக்கியில் 'உஸ்' என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டால், இந்த மின்தேக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும்.

கிணற்றின் நடுவே ஒரு வாளி

இனி இக்கருவியின் நாடித்துடிப்பு எது என்று பார்ப்போம். ஒலி என்பது அலை. அது மேலும் கீழும் மாறி மாறிச் செல்வது. பாட்டரி தருவதோ 0 முதல் 9 வோல்ட் வரை மட்டுமே. 0-க்குக் கீழே இறங்க இடமில்லை. கிணற்றில் தொங்கும் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மேலும் இறக்க முடியாது. ராட்டினத்தை முட்டிக்கொண்டிருந்தால் மேலும் ஏற்ற முடியாது. பாதி ஆழத்தில் தொங்கினால்தான் மேலும் கீழும் சமமாக அசைக்கலாம்.

எல்.எம்.386 இதைத் தானே செய்துகொள்கிறது. பாட்டு எதுவும் இல்லாதபோது, அதன் 5-ஆம் கால் பாட்டரி மின்னழுத்தத்தின் பாதியில் நிற்கும். பாட்டரி 9 வோல்ட் என்றால் அங்கே ஏறத்தாழ 4.5 வோல்ட். இந்த ஓர் அளவு சரியாக இருந்தால், ஐ.சி. பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் இந்த 4.5 வோல்ட் ஹெட்போனுக்குப் போகக்கூடாது. அதைத் தடுக்கவே 5-ஆம் காலுக்கும் வெளியீட்டு ஜாக்குக்கும் இடையே 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி காவல் நிற்கிறது. அலைந்து மாறும் ஒலிக்குறியை அது விடும். மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தை விடாது. இந்தக் காவலாள் பழுதாகி உள்ளே இணைந்துவிட்டால் என்ன ஆகும்? ஹெட்போனின் தடை 32 ஓம் எனக் கொள்வோம். 4.5-ஐ 32-ஆல் வகுத்தால், கணக்கின்படி 140 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓயாமல் பாயும், 0.6 வாட்டுக்கு மேல் திறன் அந்த மயிரிழை போன்ற சுருளில் வெப்பமாகும். நல்ல ஹெட்போன் ஒன்று சில நொடிகளில் கருகிவிடக்கூடும்.

முதலில் காதைக் காப்பாற்றுங்கள்

ஹெட்போன் போனால் இன்னொன்று வாங்கலாம். காது போனால்? பல ஹெட்போன்கள் 1 மில்லிவாட் திறனுக்கே 100 டெசிபலை ஒட்டிய ஓசையைத் தருகின்றன. திறன் பத்து மடங்காகும் போதெல்லாம் ஓசை 10 டெசிபல் கூடும். எனவே 100 மில்லிவாட்டில் 120 டெசிபல்! காதில் வலி தோன்றத் தொடங்கும் எல்லை அதுதான். 9 வோல்ட்டில் இயங்கும் எல்.எம்.386 இந்த 100 மில்லிவாட்டை எளிதில் தந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட நெறிப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஓசையை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அந்த எல்லை 75 டெசிபல். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால், மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இந்த உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள். ஒன்று: பழுது பார்க்கும்போது ஹெட்போன் காதில் இருக்கக்கூடாது. இரண்டு: சோதனையை ஹெட்போனை வைத்துத் தொடங்காதீர்கள். அதற்குப் பதிலாக, 1 வாட் தாங்கும் 33 ஓம் மின்தடை ஒன்றை ஒவ்வொரு வெளியீட்டிற்கும் பொதுக்கம்பிக்கும் இடையே இணையுங்கள். ஏதேனும் தவறானால் அந்தச் சிறு மின்தடை சூடாகும்; உங்கள் ஹெட்போன் பிழைக்கும். மூன்று: பாட்டரியில் மட்டும் சோதியுங்கள். வீட்டு மின்சாரத்தில் செருகும் அடாப்டரை அறவே கழற்றி வையுங்கள்.

பழுது நீங்கிய பின்பும் ஒரு பழக்கம் நல்லது. சுவிட்சைப் போட்டவுடன் வெளியீட்டு மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதால் 'டப்' என்று ஓர் ஓசை எழும். எனவே சுவிட்சைப் போட்டு, வால்யூமைக் குறைத்த பிறகே ஹெட்போனைக் காதில் மாட்டுங்கள்.

நான்கு அளவுகள்

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வையுங்கள். கருப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் பொருத்துங்கள். பாட்டு எதுவும் வேண்டாம். உள்ளீட்டுக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இப்போது சிவப்பு முனையால் கீழ்க்கண்ட இடங்களைத் தொடுங்கள். முனை வழுக்கி 5, 6 ஆகிய அடுத்தடுத்த கால்களை ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வாறு தொட்டால் நல்ல ஐ.சி.யும் கெட்டுவிடலாம்.

முதலாவது, 6-ஆம் கால். இங்கே 9 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் பாட்டரி, அதன் கிளிப், சுவிட்ச், இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகியவற்றைப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. தீர்ந்துபோன பாட்டரியைத் தனியே எடுத்து அளந்தால் 8 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். கருவி இயங்கும்போது அளந்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும். இந்த ஐ.சி.க்கு 4 வோல்ட் முதல் 12 வோல்ட் வரை வேண்டும்.

இரண்டாவது, 4-ஆம் கால். இங்கே 0 வோல்ட். ஏதேனும் அழுத்தம் காட்டினால் பொதுக்கம்பி அறுந்துள்ளது என்று பொருள்.

மூன்றாவது, 5-ஆம் கால். பாட்டரியின் பாதி. இது 0-வை ஒட்டியோ 9-ஐ ஒட்டியோ இருந்தால், ஐ.சி. தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அருகிலுள்ள கால்களுக்கிடையே சால்டர் வழிந்து இணைந்திருக்கலாம், அல்லது ஐ.சி. உண்மையிலேயே கெட்டிருக்கலாம். முதல் இரண்டையும் பார்த்துவிட்டே மூன்றாவதை முடிவு செய்யுங்கள். உள்ளீட்டுக் கம்பியைச் செருகியதும் பாதி அளவு மாறிவிட்டால், பாட்டுடன் சேர்ந்து நேர்மின்னழுத்தமும் நுழைகிறது; உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கிறதா, அது நன்றாக உள்ளதா என்று பாருங்கள்.

நான்காவது, 33 ஓம் மின்தடை இணைத்த வெளியீட்டு ஜாக். இங்கே 0 வோல்ட். பல வோல்ட்டுகள் காட்டினால் அந்த 220 மைக்ரோஃபாரட் காவலாள் கைவிட்டுவிட்டான். அதை மாற்றும்வரை ஹெட்போனைச் செருகாதீர்கள். புதியதைப் பொருத்தும்போது அதன் நேர்முனை 5-ஆம் காலின் பக்கம் இருக்கட்டும்.

இவற்றோடு, பாட்டரிக்கும் கருவிக்கும் இடையே மல்டிமீட்டரை இணைத்து மின்னோட்டத்தையும் அளக்கலாம். பாட்டு இல்லாதபோது இரு ஐ.சி.க்களும் சேர்ந்து 10 மில்லிஆம்பியரை ஒட்டி எடுத்துக்கொள்ளும். அது 50, 100 என்று காட்டினால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது என்று தேடத் தொடங்குங்கள்.

பாதி வழியில் நின்று பாருங்கள்

நான்கு அளவுகளும் சரி. ஆனால் பாட்டு மட்டும் வரவில்லை. இனி என்ன செய்வது? பாட்டு செல்லும் பாதையை எழுதிப் பாருங்கள். (1) பாட்டுத் தரும் கருவி, (2) இணைப்புக் கம்பி, (3) உள்ளீட்டு ஜாக், (4) வால்யூம் கண்ட்ரோல், (5) ஐ.சி., (6) வெளியீட்டு மின்தேக்கி, (7) வெளியீட்டு ஜாக், (8) ஹெட்போன். மொத்தம் எட்டு இடங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். பாதையை நடுவில் பிரித்தால் மூன்றே போதும்!

வெளியீட்டில் 0 வோல்ட் என்று உறுதி செய்துகொண்டீர்கள் அல்லவா? 33 ஓம் மின்தடைகளை எடுத்துவிட்டு, ஹெட்போனைச் செருகி மேசைமேல் வையுங்கள். வால்யூமைப் பாதியில் நிறுத்துங்கள். சிறு திருப்புளியின் உலோகத் தண்டில் விரலை வைத்தபடி, அதன் நுனியால் வால்யூம் கண்ட்ரோலின் நடுமுனையைத் தொடுங்கள். நம் உடல் வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அலைவைச் சிறிதளவு வாங்கிக்கொண்டிருக்கிறது. அது பெருக்கிக்குள் நுழைந்து 'டக்' என்றோ 'உர்' என்றோ ஒலிக்கும். ஒலித்தால் 5 முதல் 8 வரை எல்லாம் நலம். பழுது 1 முதல் 4-க்குள் இருக்கிறது. ஒலிக்கவில்லை என்றால் நேர்மாறாகக் கொள்ளுங்கள்.

ஒலித்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உள்ளீட்டு ஜாக்கின் முனையைத் தொடுங்கள். அங்கும் ஒலித்தால் ஜாக்கும் வால்யூமும் குற்றமற்றவை. மீதியிருப்பவை இணைப்புக் கம்பியும் பாட்டுக் கருவியும். கம்பியை மாற்றிப் பார்த்தால் தீர்ந்தது; மூன்றாவது சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். மாறாக, முதல் சோதனையிலேயே ஒலி வராவிட்டால், ஹெட்போனை வேறொரு கருவியில் செருகிக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் மின்தேக்கியும் வெளியீட்டு ஜாக்கும் சோதனைக்குரியவை. இந்தச் சோதனையை வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்தக் கருவியிலும் செய்யக்கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

ஒரு காதில் மட்டும் ஓசை இல்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏனெனில், பழுதான பாதிக்குப் பக்கத்திலேயே நலமான பாதி ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே பழுது. சாக்கெட்டில் பொருத்திய ஐ.சி.க்களாயின், சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஊமைக்காது இடம் மாறினால் ஐ.சி.தான் காரணம். மாறாவிட்டால் ஐ.சி. நிரபராதி.

ஓசை சொல்லும் சேதி

நோயாளியின் இருமலைக் கேட்டே மருத்துவர் சிலவற்றை அறிவதுபோல, பெருக்கியின் ஓசையைக் கேட்டே நாமும் சிலவற்றை அறியலாம்.

மோட்டார் படகுபோல் 'டப், டப், டப்' என்று கேட்டால், பாட்டரி தளர்ந்துவிட்டது. அதன் உள்தடை கூடியதால், ஒலிக்கு ஏற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வு மீண்டும் பெருக்கிக்குள் நுழைந்து சுழல்கிறது. புதிய பாட்டரி போடுங்கள். பாட்டரி வரும் இடத்தில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே இணையுங்கள்.

வால்யூமைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால் அதன் கரித்தடத்தில் தூசு. கான்டாக்ட் கிளீனர் சிறிது விட்டுப் பலமுறை திருகிப் பாருங்கள். தடம் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஓயாத உறுமல் கேட்டால், உள்ளீட்டுக் கம்பியைச் சுற்றியுள்ள உறைக்கம்பி பொதுக்கம்பியுடன் சேராமல் விட்டுப்போயிருக்கும்.

ஒலி கரகரத்து, ஐ.சி.யும் சூடானால், காதுக்கு எட்டாத உயர் அதிர்வில் பெருக்கி தானே அலைந்துகொண்டிருக்கலாம். அதை அடக்க, 5-ஆம் காலுக்கும் பொதுக்கம்பிக்கும் இடையே 10 ஓம் மின்தடையும் 0.05 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இருக்க வேண்டும்.

பாட்டு மெலிந்து, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மறைந்துவிட்டதா? வெளியீட்டு மின்தேக்கி வற்றிவிட்டது. 220 மைக்ரோஃபாரட்டும் 32 ஓமும் சேர்ந்தால், 23 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலிகள் பெரிதும் குறையாமல் வரும். அதே மின்தேக்கி முதுமையால் 22 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கினால் அந்த எல்லை 226 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேய்ந்துவிடும்.

தட்டினால் நின்று, மீண்டும் தட்டினால் பாடுகிறதா? அது சால்டர் வைத்த இடத்தின் கோளாறு. ஜாக், வால்யூம், பாட்டரிக் கம்பி ஆகிய மூன்றும் நம் கை அடிக்கடி இழுத்து அசைக்கும் இடங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். காலைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்போ மங்கலான சாம்பல் நிறமோ தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். 25 வாட் சூட்டுக்கோல் போதும். காலையும் செம்பையும் ஒருசேரச் சூடாக்கி, அங்கே சிறிது புதிய சால்டரை உருக விட்டு, அது உறையும்வரை அசையாமல் பிடியுங்கள். சால்டரில் ஈயம் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பாடகி திரும்பினார்

இப்போது நம் புதிருக்கு வருவோம். ஹெட்போன் பிளக்கின் நுனி இடக்காதுக்கு. அதற்கடுத்த வளையம் வலக்காதுக்கு. அடித்தண்டு இரண்டுக்கும் பொதுவானது. இரு காதுகளிலிருந்தும் மின்னோட்டம் திரும்பி வரும் பொதுவழி இந்த அடித்தண்டுதான். அந்தப் பொதுக்கம்பி அறுந்துவிட்டால், இடச்சுருளும் வலச்சுருளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து நிற்கும். அப்போது இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே அவற்றில் பாயும்.

ஒலிப்பதிவில் வயலின்களை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வைப்பார்கள். அவற்றில் வேறுபாடு உண்டு, ஆகவே கேட்கின்றன. பாடகியின் குரலையோ நடுவில் நிற்பதுபோல் இரு பக்கமும் சம அளவில் பதிவு செய்கிறார்கள். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? பூஜ்யம்! எதிரொலி மட்டும் இரு பக்கமும் சற்று வேறுபட்டிருப்பதால் தொலைவில் ஒலிக்கிறது.

இதை உறுதி செய்ய ஐ.சி.யைத் தொடவே வேண்டாம். பிளக்கை உருவி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். நலமான 32 ஓம் ஹெட்போனில் நுனிக்கும் அடித்தண்டுக்கும் இடையே ஏறத்தாழ 32. வளையத்திற்கும் அடித்தண்டுக்கும் இடையே அதே அளவு. நுனிக்கும் வளையத்திற்கும் இடையே 64. முதல் இரண்டிலும் முள் அசையாமல், மூன்றாவது மட்டும் 64 காட்டினால், பிளக்கின் கழுத்தருகே பொதுக்கம்பி அறுந்துள்ளது. மூன்றும் சரியாக இருந்தால், பெருக்கியின் வெளியீட்டு ஜாக்கில் அடித்தண்டு தொடும் முனை சால்டர் விட்டுப்போயிருக்கும். ஒரு பிளக்கையோ ஒரு சொட்டுச் சால்டரையோ கொண்டு பாடகியைத் திரும்ப அழைத்துவிடலாம்.

கருவி பழுதாகிவிட்டதே என்று மூலையில் எறியுமுன், ஒரு தாளில் அந்த எட்டு இடங்களையும் எழுதி நடுவே ஒரு கோடு போடுங்கள். கோட்டின் எந்தப் பக்கம் நலம், எந்தப் பக்கம் நோய் என்று மட்டும் முதலில் கேளுங்கள். வானொலிப் பெட்டிக்கும் மிதிவண்டி விளக்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அளந்து அறிந்த பிறகு கையில் எடுக்கும் சூட்டுக்கோல் ஒருபோதும் வீணாகாது.